காது டெஸ்ட் கிராஃபை எப்படிப் படிப்பது?

முட்டத்துக்காரன்: வள்ளத்தில் எஞ்சின் பக்கமே இருந்து அப்பாவுக்குக் காது மந்தம். நாகர்கோவிலில் டெஸ்ட் எடுத்தோம். கிராஃபில் ஹெர்ட்ஸ், டெசிபல் என்று போட்டிருக்கிறது. 4000 கிட்டே கோடு பொத்தென்று விழுகிறது. என்ன அர்த்தம்?

தக்கலை ஆடியாலஜி (காது கேட்கும் திறன் பற்றிய படிப்பு) மாணவி: ஹெர்ட்ஸ் என்பது சத்தம் எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பது, டெசிபல் எவ்வளவு உரக்க என்பது. கோடு இறங்க இறங்க, அவ்வளவு உரக்கச் சொன்னால்தான் கேட்கும். இரைச்சலில் கெட்ட காதுக்கு 4000 பக்கம்தான் அடிக்கடி பள்ளம் விழும். 'ச' மாதிரி கீச்சு ஒலிகள் முதலில் நழுவும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

முட்டத்துக்காரன்: அதுதானா! அம்மா சாளை மீன் வாங்கவா என்றால், அப்பா வாளையா என்கிறார். வீட்டில் தினமும் சண்டை.

மாணவி: கத்த வேண்டாம் அண்ணா, முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.

குளச்சல் வாசி: எஞ்சின் பக்கம் காதில் பஞ்சு வைத்தால் போதுமா?

மாணவி: பஞ்சு போதாது. இயர்பிளக் (காதை அடைக்கும் செருகி) வாங்குங்கள்.