கோயிலை இடித்துக் கட்டினோம். உங்கள் ஊரில் எப்படி?

மஞ்சக்குப்பத்தான்:

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபை வட்டாரம்) பெயரைச் சொல்லப்போவதில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியாது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் பழைய கோயிலின் மங்களூர் ஓடுகளைப் பாதிக்கு மேல் வாரிக்கொண்டு போனது. கொஞ்ச காலம் தகரம் போட்டு ஒப்பேற்றினோம். அப்புறம் இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டிவிடலாம் என்று முடிவானது. கட்டடக் குழுவில் நானும் ஒருவன்.

குழுக் கூட்டத்தில் மேசைமேல் மூன்று படங்கள் இருந்தன. ஒன்றில் முன்னால் இரண்டு ஊசிக் கோபுரங்கள், வேளாங்கண்ணிச் சாயலில். இன்னொன்றில் குவிமாடம். மூன்றாவது, எங்கள் பங்கில் வளர்ந்து ஆர்க்கிடெக்ட் ஆன பையன் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தது. பூசாத செங்கல் சுவர், காற்று நுழையச் சுவரெங்கும் துளைவிட்ட ஜாலி வேலை, தாழ்வாக இறங்கும் ஓட்டுக் கூரை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் லொயோலா சிற்றாலயத்தை இந்த முறையில்தான் கட்டினார் என்று போனில் படம் காட்டினான். மூன்றில் செலவு குறைவானதும் இதுதான்.

"கோபுரம் இல்லேன்னா பஸ்ல போறவனுக்கு இது கோயில்னு எப்படித் தெரியும்?" என்றார் ஒரு பெரியவர். "செங்கல் சூளை மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர். பூசக் காசில்லாமல் நின்றுபோன கட்டடம் என்று பக்கத்துப் பங்கு சிரிக்கும் என்ற பேச்சும் வந்தது. பையன் படத்தைச் சுருட்டிக்கொண்டான். கையைத் தூக்கச் சொன்னபோது நானும் ஊசிக் கோபுரத்துக்குத்தான் தூக்கினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வசூலான பணத்தில் பெரும்பங்கைக் கோபுரங்களே விழுங்கிவிட்டன. பின்னால் கட்ட மிஞ்சியது ஒரு நீள்சதுர கான்கிரீட் கூடத்துக்குத்தான். முகப்பு கோதிக், முதுகு குடோன். தட்டையான தளம் மாசி முடிவதற்குள் கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்காக ஃபால் சீலிங் போட்டோம், சீலிங்குக்குக் கீழே வரிசையாக மின்விசிறிகள். ஒவ்வொரு விசிறி இறக்கையிலும் கொடுத்தவர் பெயர். சுற்றும்போது படிக்க முடியாது, கரண்ட் போனால் எல்லோருடைய பெயரும் தெரியும். நன்கொடையாளர் கல்வெட்டு கருப்பு கிரானைட்டில் சிலுவைப்பாதைப் படங்களைவிடப் பெரிதாக இருக்கிறது. ஜன்னல்கள் அலுமினிய ஸ்லைடிங், ஆகையால் பாதிதான் திறக்கும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், எக்கோவைத்தான் பொறுக்க முடியவில்லை. ஃபாதர் "அன்பார்ந்தவர்களே" என்று தொடங்கினால், அந்தக் "களே" பின்சுவரில் முட்டித் திரும்புவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். பழைய கோயிலில் உபதேசியார் மைக் இல்லாமல் செபமாலை சொல்லுவார், கடைசி வரிசையில் தூங்கும் குழந்தைக்கும் கேட்கும். அந்தச் சுண்ணாம்புச் சுவருக்கும் ஓட்டுக்கும் இருந்த குணம் அது என்று இடித்த பிறகுதான் தெரிந்தது.

கத்தோலிக்க ஆயர்களின் உலகக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில் ஓர் இடம் உண்டு. ஆயர்கள் வெறும் பகட்டை நாடாமல் உன்னதமான அழகையே நாட வேண்டும் என்கிறது. கூட்டத்துக்கு முன்பே யாராவது இதைப் படித்துக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தாலும் பகட்டு எது, அழகு எது என்று எங்கள் குழுவில் யார் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். புதிதாகக் கட்டிய எந்தக் கோயிலாவது உங்களை உள்ளே இழுத்து உட்கார வைத்ததா?

முத்தியால்பேட்டை:

கோயில் இல்லாத ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன், கோயிலில் வந்து முடியும். பொறுமையாகப் படிக்கவும்.

கல்லூரியில் படித்தபோது, அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்த மாமா ஒருவர் என்னை ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக்குள் அழைத்துப் போனார். புதுச்சேரிக்காரர்களுக்கு அதன் வெளிமதில் தெரியும், உள்ளே பார்த்தவர்கள் குறைவு. ஐப்பசிப் புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் பட்டது காற்று. பக்கவாட்டில் சுவரே இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள், திருப்பினால் திறக்கும், திருப்பினால் மூடும். காலடியில் கருப்புக் கடப்பைக் கல், அறைச் சுவரில் சங்குச் சுண்ணாம்புப் பூச்சு. மற்றபடி வெறும் கான்கிரீட்தான். சென்ட்ரிங் பலகையின் வரிகள்கூட ஒழுங்காகத் தெரியும். ஓர் அலங்காரமும் கிடையாது. ஆனால் அங்கே நின்றபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடக்கத் தோன்றியது.

1930-களின் பிற்பாதியில் அந்தக் கட்டடத்தை எழுப்ப வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. அவர் வேலை பார்த்தது அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம். ரேமண்ட் அதற்கு முன்பே, 1935-இல், ஜப்பானில் கருய்சாவாவில் மரத்தாலான சிறிய கத்தோலிக்கக் கோயில் ஒன்றைக் கட்டியிருந்தார். அரவிந்தர் நகாஷிமாவுக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார், அழகில் மகிழ்பவர் என்று அர்த்தம். அந்தச் சுந்தரானந்தாதான் பிற்காலத்தில் அமெரிக்காவில் மரத்தச்சராகப் புகழ்பெற்று, கியோத்தோவில் கிறிஸ்து அரசர் கோயிலுக்கும், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஒரு பெனடிக்டின் மடத்தின் சிற்றாலயத்துக்கும் வடிவம் கொடுத்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் கான்கிரீட் கலவை பழகிய கை அது. நாமோ கோபுரத்துக்கு மாதிரி தேடி கூகுளில் ஜெர்மனிப் படங்களைப் புரட்டுகிறோம்.

உங்கள் பங்குப் பையனிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள்.

சொல்தா பேரன்:

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், அதனால் இந்தப் பெயர். குடும்பத்தில் பாதிப் பேர் பாரீஸ் புறநகரில். பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது "பக்கத்துல ஒரு பழைய சிமெண்ட் கோயில் இருக்கு, வா" என்று லெ ரென்சிக்கு அழைத்துப் போனார். சிமெண்ட் கோயிலை எதற்குப் பார்ப்பது என்று மனசுக்குள் முனகிக்கொண்டுதான் போனேன்.

ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் 1923-இல் முடித்த மாதா கோயில் அது. முதல் உலகப் போர் முடிந்த சமயம், பங்கில் பணம் இல்லை. அதனால்தான் கல்லை விட்டுக் கான்கிரீட்டைப் பிடித்தார்கள். தூண்கள் ஏறக்குறைய 11 மீட்டர் உயரம், அடிப்பக்கமே அரை மீட்டர் கனம் வராது. மூங்கில் தோப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. சுற்றுச்சுவர் கூரையைத் தாங்குவதில்லை, அதனால் சுவர் முழுக்கக் கான்கிரீட் சல்லடையாக்கி வண்ணக் கண்ணாடி பதித்துவிட்டார்கள். மாலை வெயிலில் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை நீலமாகி, இரண்டடி எடுத்து வைத்ததும் மஞ்சளானது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பின்னாளில் உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து, பெரிய செலவில் சீர் செய்ய வேண்டிவந்தது. மலிவாகக் கட்டியதற்கு வட்டி கட்டினார்கள் என்றார் பெரியப்பா. கடற்காற்று அடிக்கிற நம் ஊரில் அந்த வட்டி இன்னும் சீக்கிரம் வரும்.

கடலோரத்தாள்:

எல்லாரும் ரொம்பப் படித்தவர்களாக எழுதுகிறீர்கள். நான் மீன்பிடிக் குப்பத்துக்காரி, எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி. தரை சிமெண்ட். சுவரில் சுண்ணாம்பு. பூசாத செங்கல் உங்களுக்கு அழகு, எங்களுக்கு அது காசில்லாத வீடு. நாங்கள் தினமும் பார்க்கிறதையே சாமி வீட்டிலும் எதற்குப் பார்க்க வேண்டும்? எங்கள் புதுக் கோயிலில் பளபளவென்று டைல்ஸ் போட்டோம். படகுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் எடுத்துக் கட்டினது. கொடியேற்றம் அன்று என் மாமியார் உள்ளே வந்து, குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தார். கை பட்ட தடம் தெரிந்ததாம்.

விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவர் காலில் ஊற்றியபோது, இதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டது யார்? யூதாசுதான். எங்கள் பணத்துக்கு மற்றவர்கள் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசகம்தான் ஞாபகம் வரும்.

எக்கோ எங்கள் கோயிலிலும் உண்டு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:

அக்கா, பதில் சொல்ல வாயில்லை. டைல்ஸைப் பற்றி இனிப் பேச மாட்டேன். விசிறி இறக்கையில் பெயர் எழுதுவதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறேன்.

விருத்தாசலம் பக்கம்:

ஒரே ஒரு விஷயம். எங்கள் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னை இருக்கிறாள். வீரமாமுனிவர் இத்தாலிக்காரர், அவர் மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகப் புடவையில் நிறுத்தினார். நாமோ தமிழ் மாதாவுக்கு ஐரோப்பியக் கோபுரம் கட்டுகிறோம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கப்ஸ் கோயில் பையன்:

ஞானஸ்நானம் முதல் உறுதிபூசுதல் வரை எனக்கு எல்லாம் கப்ஸ் கோயிலில்தான். புதுச்சேரி தூமா வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் சம்மனசுகளின் ராக்கினி (வானதூதர்களின் அரசி) கோயில், 1855-இல் கட்டியது. சின்ன வயதில் பூசையில் அலுப்பு வந்தால் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொள்வேன், பளிங்கு மாதிரி குளுகுளுவென்றிருக்கும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பூச்சு அது.

வேலைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் போனபோது அங்கேயும் அதே பெயரில் பேராலயம் இருப்பதைப் பார்த்து நம் கோயில்தானே என்று உரிமையோடு நுழைந்தேன். 1994 நிலநடுக்கத்தில் பழைய பேராலயம் சேதமானதால் ரஃபேல் மொனேயோ என்ற ஸ்பானியரை வைத்துப் புதிதாகக் கட்டி 2002-இல் திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 19 கோடி டாலர். தெருவில் படுத்திருப்பவர்களுக்குச் சோறு போடும் கத்தோலிக்கர்களே அப்போது எதிர்த்து நின்றார்கள். அப்போது அங்கே பேராயராக இருந்த கர்தினால் மஹோனியின் பெயரைத் தாஜ்மகாலோடு சேர்த்து ஊரே கேலி பேசியது.

வெளியிலிருந்து எனக்கும் பிடிக்கவில்லை. மண் நிற கான்கிரீட், ஒரு மூலையும் நேராக இல்லை. உள்ளே கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல், அதன் வழியாக வருகிற வெளிச்சம் மோர் நிறத்தில் இருக்கிறது. இரண்டு பக்கச் சுவரிலும் நெடுக நெய்த திரைகள். 135 புனிதர்களும் அருளாளர்களும் பீடத்தைப் பார்த்து நிற்கிறார்கள். இடையிடையே பெயரில்லாத குழந்தைகளும் நிற்கிறார்கள். ஒரு பையன் அச்சு அசல் எங்கள் தெருப் பையன். அங்கேதான் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததற்குக் காரணம் 19 கோடியா, இந்தத் திரையா என்று கேட்டால் திரை என்றுதான் சொல்வேன்.

தலைப்பைத் தொடங்கியவருக்கு ஒரு துப்பு: அந்தத் திரைகள் அழகுக்கு மட்டுமல்ல, கான்கிரீட்டில் மோதும் சத்தத்தைக் குடிக்கவும்தான் பருத்தியில் நெய்தவை என்றார் அங்கே சுற்றிக்காட்டியவர்.

மஞ்சக்குப்பத்தான்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் போன வார விஷயம் சட்டென்று விளங்கியது.

எங்கள் திருவிழாவுக்குப் பந்தல்காரர் உள்ளே சுவரெல்லாம் பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டிருந்தார். அன்றைக்கு ஃபாதர் பிரசங்கம் முழுசாகப் புரிந்தது. மைக்காரர் புது பெட்டி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக் கையில் இருநூறு ரூபாய் கொடுத்துத் தட்டிக்கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

இன்று காலை போய்த் துணியை அவிழ்க்க வேண்டாம் என்று பந்தல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். நாள் வாடகை கேட்கிறார். நம்ம ஆர்க்கிடெக்ட் பையனுக்கும் போன் போட்டேன், இன்னும் எடுக்கவில்லை.