ரேடியோதெரபி படிக்க வெளிநாடு போனவர்கள்: நோயாளிகளோடு உங்கள் அனுபவம் என்ன?

இங்கிலாந்தில் ரேடியோதெரபி அண்ட் ஆன்காலஜி, அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கக் கற்றுத்தரும் பட்டப்படிப்பு முடித்தவள் நான். வரப்போகிறவர்கள் கேட்பதெல்லாம் இயற்பியல் கஷ்டமா, விசா கிடைக்குமா என்றுதான். படிப்பில் ஏறக்குறைய பாதி மருத்துவமனையில் கழியும் என்பது பலருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

பிளேஸ்மென்ட் எனும் மருத்துவமனைப் பயிற்சிக்கு முன், வெர்ட் என்ற முப்பரிமாணத் திரையில் லினாக்கை (கதிர் பாய்ச்சும் இயந்திரம்) இயக்கிப் பழகுவோம். அதில் படுத்திருப்பவர் இருமமாட்டார், பயப்படமாட்டார். நான் சந்தித்த தொண்டைப் புற்றுநோய்க்காரர் ஒருவர் இரண்டையும் செய்தார். அவருக்கு ஆறு வாரத்தில் 30 அமர்வுகள், மொத்தம் 65 கிரே (கதிர் அளவின் அலகு). வெந்நீரில் இளகவைத்து முகத்தில் படியவைத்த பிளாஸ்டிக் மாஸ்க்கை மேசையோடு பூட்டியதுமே கையை உயர்த்திவிட்டார். ஓடிப்போய்க் கழற்றினோம். இன்னும் எவ்வளவு நேரம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்றார். அப்படியே செய்தோம்.

தினமும் பெயர், பிறந்த தேதி, முகவரி கேட்டாக வேண்டும். எத்தனை வாரம் பழகினாலும் விலக்கு கிடையாது. "நேத்து ராத்திரி வீடு மாறிட்டேன்" என்று சிரிக்காமல் சொல்வார் மனிதர்.

நான்காவது வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. அன்றைய ஸ்கேனிலும் உடலின் விளிம்பு உள்ளே போயிருந்தது. மருத்துவரைக் கூப்பிட்டோம், புது மாஸ்க், மறுபடி சி.டி., புதுத் திட்டம். மருத்துவர் வாரம் ஒருமுறைதான் பார்க்கிறார். தினமும் பார்க்கிற நம் கண்ணில்தான் இதெல்லாம் முதலில் படும்.

---

அக்கா சொல்கிற அந்த ஆறு வாரப் பழக்கம் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் இப்போது கிடைப்பதில்லை. முன்பு மூன்று வாரத்தில் 15 அமர்வுகள், 40 கிரே. ஒரே வாரத்தில் 5 அமர்வுகளாக 26 கிரே கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2020இல் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு காட்டியது. அதன்பின் இங்கே பலருக்கும் அதுதான். நோயாளிக்குப் பெரிய நிம்மதி, சந்தேகமில்லை. திங்கட்கிழமை அறிமுகமாகிறவரை அநேகமாக வெள்ளிக்கிழமையே வழியனுப்புகிற மாணவருக்குத்தான் இழப்பு.

இடது மார்பகம் என்றால் மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்வோம். இதயம் கதிர்ப் பாதையிலிருந்து விலகும். சர்ச் பாடகர் குழுவில் இருந்த ஒரு அம்மா நாங்கள் "விடுங்க" என்ற பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார்! ஆனால் அவருக்குத் தோல் சிவந்ததை நான் பார்க்கவேயில்லை. சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தோல் எரிச்சல் உச்சத்துக்குப் போகும், அதற்குள் அவர் வீட்டில். அதனால் கடைசி நாள் பேச்சை அவசரமாக முடிக்காதீர்கள். என்ன வரும், எப்போது வரும், யாருக்குப் போன் செய்வது என்று சொல்லி அனுப்புவதும் சிகிச்சைதான்.

---

படிப்பு முடிந்ததும் எச்.சி.பி.சி. என்ற தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு வேண்டும், அது இல்லாமல் அங்கே தெரபியூட்டிக் ரேடியோகிராபர் (கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பவர்) என்று சொல்லிக்கொள்வதே சட்டவிரோதம். ஏற்கெனவே அறிவியல் பட்டம் இருந்தால் இரண்டு வருட முதுகலை வழியும் இருக்கிறது. தடுப்பூசி விவரம், போலீஸ் சரிபார்ப்பு இரண்டையும் கிளம்பும் முன்பே தயார் செய்யுங்கள், இல்லையென்றால் பிளேஸ்மென்ட் தள்ளிப்போகும்.

இன்னொன்று: மேசையில் நாம் மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்யும்போது, உதவுவதாக நினைத்து நோயாளி தானே நகர்வார். "நீங்க அசையாம கிடங்க, நாங்களே இழுத்துக்கிறோம்" என்பதை அந்த ஊர்ப் பேச்சில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

---

எனக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். இந்தப் படிப்பு சரிப்படுமா?

---

இந்தப் பிரிவில் ரத்தம் அபூர்வம், தம்பி. தோலைத் துளைத்து வெளியே வந்து புண்ணான கட்டியின் வாடைதான் சிரமம். அதை முகத்தில் காட்டாமல் பக்கத்தில் நின்று பேச வேண்டும். விண்ணப்பிக்கும் முன் ஒரு ரேடியோதெரபி பிரிவில் ஒரு நாள் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நேர்காணலிலும் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்க வாய்ப்பு அதிகம்.