கண்ணில் புகை, கண்ணில் பூச்சி: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

ஆம்பூர்க்காரி

பார்வை முழுக்க எந்நேரமும் பொடிப் புள்ளி ஓடுமே, அதற்கு விஷுவல் ஸ்நோ என்று சீட்டில் எழுதி வாங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் விளக்கம் எல்லாம் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிள் எனக்கு. அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல் வரும், டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து தோலில் கீறல், புள்ளி, தையல் எல்லாம் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் ஓடும்வரை பிரச்சினை இல்லை. அன்றைக்குக் கருப்பு லாட் வந்தது. முதல் அப்பரைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தால் தோல் முழுக்கப் பொடிப்பொடியாக ஊர்கிறது. சேனல் வராத பழைய டிவியில் புள்ளி ஓடுமே, அதேதான். துடைத்தேன், ஊர்ந்தது. வேறொன்றை எடுத்தேன், அதுவும் ஊர்ந்தது. பக்கத்து டேபிள் அக்காவிடம் நீட்டி, "இதுல ஏதாவது தெரியுதாக்கா?" என்றேன். அக்கா அதை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார், தையல் மேல் நகத்தை ஓட்டினார், "இன்னாடி, நல்லாத்தானே கீது? தையல்கூட நேரா வந்துக்கீது" என்று சொல்லி ஓகே பெட்டியில் போட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான், நல்ல தோல்தான் அது. ஆனால் பெட்டிக்குள் கிடந்தும் என் கண்ணுக்கு ஊர்ந்துகொண்டே இருந்தது.

அப்புறம் சொட்டு மருந்து ஊற்றிக் கண்ணை விரித்துப் பார்த்தார்கள், எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டது, "நார்மல்னா நாளைக்கு வேலைக்குப் போலாம் இல்ல?"

சத்துவாச்சாரி ரிட்டயர்டு வாத்தியார்

அம்மா, உன்னுடையது புள்ளி, என்னுடையது பூச்சி. இரண்டும் பக்கத்து வீடுதான்.

எனக்கு அறுபதைத் தாண்டிய பிறகு வந்தது. மதியம் தயிர்சாதம் பிசைந்து வைத்திருக்கிறேன், வெள்ளைச் சோற்றின் மேல் ஒரு ஈ. கையால் விரட்டினேன், போகவில்லை. தட்டைச் சுற்றிப் பார்த்தேன், அப்பளத்தின் மேல் போய் உட்கார்ந்தது. வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "சமையல்கட்டுல மூடி வைக்க மாட்டியா?" என்று நான் சத்தம் போட, அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். பேரன் அதைவிடக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா ஈ?" என்றான். நான் விரலை நீட்டிக் காட்டுகிறேன். விரல் போகிற இடத்துக்கெல்லாம் ஈ முன்னால் போகிறது.

கண்ணுக்குள் ஜெல் மாதிரி ஒன்று நிரம்பியிருக்கிறது. 99 சதவீதம் தண்ணீர்தான், மீதியில் மெல்லிய நார்கள். வயதாக ஆக ஜெல் நீர்த்துப்போய் நார்கள் திரண்டுகொள்ளும், அதன் நிழல் விழித்திரையில் விழும். நாம் பார்ப்பது அந்த நிழலைத்தான். பின்பக்கத்திலிருந்து அந்த ஜெல் மொத்தமாகப் பிரிந்து வந்துவிட்டது என்றார் டாக்டர். இந்த வயதில் அனேகம் பேருக்கு நடப்பதாம். இப்போது ஈ இருக்கிறது, நானும் இருக்கிறேன். வெள்ளைச் சுவரையும் வானத்தையும் முறைத்துப் பார்க்காமல் இருந்தால் அது பாட்டுக்கு ஓரமாகப் போய்விடும். கண்டுகொள்ளாதே, பழகிவிடும்.

காட்பாடி ஜங்ஷன்

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் "கண்டுகொள்ளாதே" என்று பொதுவில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் மாமா, அக்கா வீட்டுக்காரர், குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டவர். அவரும் கண்டுகொள்ளாமல்தான் இருந்தார்.

அக்னி நட்சத்திர சமயம். ஒரு கண்ணில் திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டின. ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. தெருவே கூடி உடம்புச் சூடு என்றது. வேலூர் வெயில் இருக்கும்போது நம் ஊரில் எந்த நோய்க்கும் வேறு காரணம் தேட மாட்டார்கள். நல்லெண்ணெய் வைத்துத் தலை முழுகினார், இளநீர் குடித்தார். ஒருநாள் காலையில் தறியில் உட்கார்ந்தவர் அப்படியே எழுந்துவிட்டார். நான் போனபோது ஒவ்வொரு கண்ணாக மூடிமூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை மூடினா பாவு முழுசா இருக்கு. அதை மூடினா கீழ்ப்பாதி இல்லடா." இதை அவர் சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கத்தவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

விழித்திரை கிழிந்து, கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து, சுவரை விட்டுப் பெயர்ந்துவிட்டது. கிழிசலோடு இருந்தபோதே போயிருந்தால் லேசரில் ஒட்டியிருப்பார்கள். பெயர்ந்த பிறகு ஆபரேஷன்தான். கண்ணுக்குள் கேஸ் அடைத்துக் கவிழ்ந்தே படுக்கச் சொன்னார்கள். அந்த சமயம் பார்த்து ஏலகிரியில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆயிரம் மீட்டருக்கு மேல் போக வேண்டும். உயரம் கூடக் கூட உள்ளே இருக்கும் கேஸ் விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறும், மலை ஏறவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். சொந்தக்காரர்களுக்கு அது சாக்காகத் தெரிந்தது. இன்றுவரை முறைப்புதான்.

பார்வை ஓரளவு திரும்பியது. ஆனால் நேர்க்கோடு நேராகத் தெரிவதில்லை. ஆயுசுக்கும் கட்டம் போட்ட லுங்கி நெய்த மனிதருக்கு இப்போது கட்டம் நெளிகிறது.

பழைய பூச்சி ஒன்று இரண்டு என்றால் வாத்தியார் சொல்வது சரி. புதிதாக மொத்தமாகக் கொட்டினால், மின்னல் வெட்டினால், ஓரத்தில் திரை இறங்கினால் அன்றைக்கே கிளம்பிப் போய்க் காட்ட வேண்டும். திங்கட்கிழமை போகலாம், சம்பளம் வரட்டும் என்பதெல்லாம் கூடாது. கிட்டப்பார்வைக்குப் பெரிய பவர் போட்டவர்கள், கேட்டராக்ட் ஆபரேஷன் ஆனவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சத்துவாச்சாரி ரிட்டயர்டு வாத்தியார்

தம்பி, நான் டாக்டரிடம் காட்டி, விழித்திரை நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். அதை எழுதாமல் விட்டதற்கு இத்தனை பெரிய பாடமா? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆரணி பட்டு

ஆம்பூர் அக்கா, உங்களுக்கு நடுவில் வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான். எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. பெரியப்பா பிள்ளைகளோடு திண்ணையில் வரிசையாகப் படுத்திருக்கிறோம். பேச்சுவாக்கில், "உங்களுக்கு இருட்டு எந்தக் கலர்ல ஓடுது?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் மெதுவாக நகர்ந்து படுத்தாள். அந்த நகர்தல்தான் எனக்கு மறக்கவில்லை. காலையில் பாட்டிக்கு விஷயம் போய், பள்ளிவாசலில் மந்திரித்துக் கையில் கயிறு கட்டினார்கள். நான் ஏதோ பார்த்துப் பயந்துவிட்டேனாம். எனக்கு ஒரு பயமும் இல்லை, பயந்ததெல்லாம் அவர்கள்தான்.

காலேஜ் முடித்த பிறகு நரம்பு டாக்டர் ஒருவர் சொல்லித்தான் இதற்குப் பெயர் இருப்பதே தெரிந்தது. இதை எப்படி அடையாளம் காண்பது என்று 2014இல்தான் தெளிவாக வரையறுத்திருக்கிறார்கள். 3 மாதத்துக்கு மேல் விடாமல் பார்வை முழுக்கப் புள்ளி ஓட வேண்டும். கூடவே, பார்த்த உருவம் கண்ணை எடுத்த பிறகும் தங்குவது, வெளிச்சம் கூசுவது, இருட்டில் சரியாகத் தெரியாதது, கண்ணுக்குள் இருக்கும் பூச்சி வகையறா அளவுக்கு மீறித் தெரிவது, இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஆக, ஐயாவின் ஈ எனக்கும் உண்டு. எல்லோர் கண்ணிலும் இருப்பதுதான். மற்றவர்கள் மூளை அதை வடிகட்டி ஒதுக்கிவிடுகிறது, நம்முடையது ஒதுக்குவதில்லை. கோளாறு விழியில் இல்லை, மூளை பார்வையைக் கையாளும் விதத்தில். அதனால்தான் கண்ணில் எத்தனை டெஸ்ட் எடுத்தாலும் நார்மல். ஒற்றைத் தலைவலியும் காதில் இரைச்சலும் நிறைய பேருக்குச் சேர்ந்தே வரும். பிரிட்டனில் எடுத்த கணக்கில் 100 பேரில் சுமார் 2 பேருக்கு இருக்கிறது. அப்படியானால் காட்பாடி பிளாட்பாரத்தில் ஒரு வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்திலேயே நம்மவர்கள் சிலர் இருப்பார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரையைச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் குறைகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாலாஜா நலம்விரும்பி

எனக்கும் போன வருடம் கொஞ்ச நாள் கண் மங்கலாக இருந்தது, தானாகப் போய்விட்டது.

இங்கே எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர், ஸ்கேன் என்று ஓடுவதற்கு முன்னால் வீட்டில் என்ன சாப்பிடுகிறோம் என்று பாருங்கள். பொன்னாங்கண்ணிக் கீரையை ஒரு மண்டலம் விடாமல் சாப்பிட்டால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்பார்கள். எங்கள் பாட்டி நந்தியாவட்டைப் பூவை ராத்திரி கண் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பார், கடைசிவரை கண்ணாடி போட்டதில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டதிலிருந்துதான் இத்தனை வியாதியும். செல்போனை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தொடக் கூடாது. தோல் பதனிடும் ஷாப்புக் காற்று, பாலாற்றுத் தண்ணீர் இரண்டும் நம் பக்கம் கெட்டுக் கிடக்கிறது, முடிந்தால் சொந்த ஊரை விட்டுக் கொஞ்ச நாள் திருவண்ணாமலைப் பக்கம் போய் இருந்து பாருங்கள். கண்ணில் கரித்தால் இரண்டு சொட்டுச் சுத்தமான தேன் விடலாம். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் தாய்ப்பாலை விட மருந்தில்லை. காலையில் எழுந்ததும் பச்சைத் தண்ணீரை வாயில் நிறைத்துக்கொண்டு கண்ணில் அடித்துக் கழுவுங்கள். டென்ஷன் ஆகாதீர்கள். டென்ஷன்தான் மூல காரணம். ஆம்பூர்ப் பொண்ணு வேலையை மாற்றிக்கொள்வது நல்லது.

லாங்கு பஜார் கண்ணாடிக் கடை

வாலாஜா அண்ணே, கீரை சாப்பிடச் சொல்லுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. தேனும் தாய்ப்பாலும் கண்ணில் விடச் சொல்லாதீர்கள். கிருமி புகுந்து கருவிழியில் புண் வந்தால் தழும்பு நிற்கும்.

நான் லென்ஸ் வெட்டுகிறவன், டாக்டர் இல்லை. புகை மாதிரி தெரிகிறது, கண்ணாடியை மாற்று என்று வருகிறவர்கள் நிறைய. ஒருவர் வந்து உட்கார்ந்து, கழற்றிக் கழற்றித் துடைத்து, சட்டை நுனியால் துடைத்து, கடைசியில் என் மைக்ரோ ஃபைபர் துணியை வாங்கித் துடைத்து, "பாய், அழுக்கு உள்ளே இருக்கு" என்றார். லென்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். வெறும் பிரேமை மாட்டிக்கொண்டு பஜாரைப் பார்த்தார். அதிலும் அழுக்கு இருந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு, முதலில் விழித்திரையைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். சர்க்கரையில் கண்ணுக்குள் ரத்தக் கசிவு வந்தாலும் இப்படித்தான் புகையாக, நூல்நூலாகத் தெரியும். என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, திரும்ப வரவில்லை.

கண் கூசுகிறது என்று வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் இன்னும் கூடும்.

கல்லூரி மாணவன், காட்பாடி

சின்ன கேள்வி. ஏலகிரியில் புல்லில் மல்லாந்து படுத்து நீல வானத்தைப் பார்த்தபோது வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடின. ஃப்ரெண்ட்ஸ் எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். ஒருத்தன் மட்டும் "ஆமாடா" என்றான், அப்புறம் அவனும் நானும் ஒரு வாரம் தூங்கவில்லை. இதுவும் அதுதானா?

ஆரணி பட்டு

இல்லை தம்பி. நீல வானத்தில் மட்டும் தெரிந்தால் அது விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களில் வெள்ளை அணுக்கள் ஓடுவது. கவனித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். சுவரிலும் இருட்டிலும் புத்தகத்திலும் ஓடினால் அப்போது வா. நிம்மதியாகத் தூங்கு.

ஆம்பூர்க்காரி

எல்லோர் பதிலையும் படித்தேன். வாலாஜா அண்ணா, வேலையை மாற்றச் சொல்வது சுலபம். இந்தச் சம்பளத்தில்தான் குழு லோன் கட்டுகிறேன்.

காட்பாடி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு கண்ணை மூடி, இன்னொன்றை மூடிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி புள்ளி, மூடினாலும் புள்ளி. இது மூளைச் சமாச்சாரம்தான் என்று எனக்கே தெளிவாகிவிட்டது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரை பார்க்க டாக்டர் சொல்லியிருக்கிறார், போவேன்.

சூப்பர்வைசரிடம் பேசிக் கருப்பு லாட் வரும்போது மட்டும் பேக்கிங்கில் நிற்கிறேன். காரணம் தலைவலி என்று சொல்லியிருக்கிறேன். தலைவலி என்றால் புரிகிறது, தோல் ஊர்கிறது என்றால் புரிவதில்லை.

லாங்கு பஜார் பாய், ரோஸ் கலந்த பழுப்பில் எஃப்எல் 41 என்று ஒரு டின்ட் இருக்கிறதாமே, டியூப்லைட் கூச்சத்துக்குச் சிலருக்கு உதவுகிறது என்றார்கள். எனக்குப் பவர் கிடையாது. பவர் இல்லாத லென்ஸில் அந்த டின்ட் போட்டுத் தருவீர்களா, எவ்வளவு ஆகும்? ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? எனக்கு அன்றைக்குத்தான் லீவு.