1799 சென்ட்: கடைசி 9 அசலா, செதுக்கியதா?

வணக்கம் நண்பர்களே. பழைய அமெரிக்கச் செப்புக் காசு சேர்ப்பவர்கள் உதவ வேண்டும்.

போன மாதம் பென்சில்வேனியாவில், ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் டிரேப்டு பஸ்ட் வகை (ஆடை போர்த்திய பெண்ணின் மார்பளவு உருவம் கொண்டது) பெரிய சென்ட் ஒன்று, அதாவது பழைய பெரிய அளவுச் செப்புக் காசு, வாங்கினேன். ஆண்டு 1799 என்று தெரிகிறது. எடை 10.4 கிராம், விட்டம் 28.5 மி.மீ., விளிம்பில் எழுத்து கிடையாது. நிறம் கறுப்பு, பின்பக்கம் நன்றாகத் தேய்ந்துவிட்டது.

கடைசி 9-தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதன் கீழ்வளைவுக்கு இடப்பக்கம் மெல்லிய மேடு ஒன்று, 8-இன் மிச்சம் மாதிரி. 1798-ஐச் சுரண்டி 1799 ஆக்கிய காசுகள் நிறைய உண்டு. ஆனால் காசு அடிக்கும் அச்சிலேயே 8 மேல் 9 விழுந்த அசல் ரகமும் இருக்கிறதே, ஷெல்டன் 188 (ஷெல்டன் என்பவரின் சென்ட் பட்டியலில் அந்த ரகத்தின் எண்)! இரண்டில் எது என்று பிடிபடவில்லை.

அசிட்டோனில் ஊறவைத்துப் பார்த்தேன், அழுக்கு போனது, மேடு போகவில்லை. பத்து மடங்கு லென்ஸில் 9-ஐச் சுற்றிக் கீறல் தெரியவில்லை, ஆனால் அங்கே மட்டும் பரப்பு கொஞ்சம் வழவழப்பு. எடையை வைத்தும் முடிவு செய்ய வழியில்லை, 1798, 1799 இரண்டுக்கும் ஒரே 10.89 கிராம்தான் விதி. பழைய காசுகளைப் பரிசோதிக்கும் ஒருவர் "போலி" என்றார், காரணம் சொல்லவில்லை. தரச்சான்றுக்கு அனுப்பச் செலவு அதிகம், அதற்குமுன் தெளிவு வேண்டும்.

முன்பக்கம், பின்பக்கம், 9-இன் நெருக்கப்படம் மூன்றும் இணைத்திருக்கிறேன். 188-ஐக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஆண்டை விட்டுவிட்டு, அச்சின் வேறு எந்த அடையாளத்தை வைத்து இதை உறுதி செய்யலாம்?