இருபது வருஷ சர்வே டேட்டா: இழை எங்கே அறுகிறது? (அனுபவப் பகிர்வு)

களப்பணி மேற்பார்வை, காட்பாடி

வேலூர் நகரம், கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்கள் இரண்டையும் சேர்த்தது சி.எம்.சி.யின் (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) பிறப்புக் கோஹார்ட், அதாவது ஒரே காலத்தில் பிறந்தவர்களைப் பல வருஷம் பின்தொடரும் ஆய்வு. 1969–73இல் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில், 26–32 வயதில் பரிசோதிக்கப்பட்டவர்கள் 2,218 பேர். இவ்வளவு நீண்ட ஆய்வில் ஆள் இழப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் இறந்தவர், ஊர் மாறியவர், மறுத்தவர் மூவருக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும். ஒரே 'வரவில்லை'யில் போட்டுவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

நம் பக்கத்தில் ஆள் தவறுவது பெரும்பாலும் தலைப்பிரசவத்தால்தான். தாய்வீட்டில் பிரசவம், சில மாதத்தில் கைக்குழந்தையோடு புருஷன் ஊர். பதிவு செய்யும் அன்றே இரண்டு வீட்டு முகவரியும், திரும்பும் மாதமும் கேட்டு எழுதிவிடுங்கள். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால், வளர்ந்து கல்யாணமானதும் இனிஷியலும் மாறும். பெயரை வைத்து இணைக்காதீர்கள், தாயின் ஐ.டி.யும் பிறப்பு வரிசையும்தான் நிலைக்கும்.

அளவீட்டுப் பயிற்சி, வேலூர்

களப்பணி மேடம் சொன்னதோடு வயதையும் சேர்க்க வேண்டும். 'எத்தனை வயசு' என்று கேட்டால் 5, 10 என்று முழு எண்ணில் குவியும். பிறந்த தேதி, பார்த்த தேதி இரண்டையும் எழுதி, வயதை நாள் கணக்கில் கம்ப்யூட்டர் போடட்டும். தேதி எதிலிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கட்டம்: பிறப்புச் சான்றிதழா, தடுப்பூசி அட்டையா, டி.சி.யா? பழைய டி.சி.களில் மே, ஜூன் தேதி அதிகமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வைத்த தேதியாக இருக்கலாம். எந்த ஆவணமும் இல்லையென்றால், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுக்கு (வைகாசி 1) முன்னாடியா பின்னாடியா, மயானக் கொள்ளைக்கு (மாசித் திருவிழா) எத்தனை நாள் கழித்து என்று கேளுங்கள். மாதம் பிடிபடும்.

உயரம்: 2 வயதுக்குள் படுக்க வைத்து, அதன்பின் நிற்க வைத்து. படுக்கை அளவு சராசரியாக 0.7 செ.மீ. கூடுதல். எப்படி அளந்தோம் என்று எழுதாவிட்டால், 24ஆம் மாதத்தில் குழந்தை சுருங்கியதுபோல் தெரியும்.

தரவுப் பகுப்பாய்வு, ராணிப்பேட்டை

மாவட்டக் குறியீடு பெரிய பொறி. 1989இல் வட ஆற்காடு பிரிந்தது. 2019இல் வேலூரே மூன்றானது. வாலாஜாவில் பிறந்து வீடே மாறாத பையன், 2010 சர்வே சுற்றில் வேலூர், 2021இல் ராணிப்பேட்டை. கணினி அவனை 'இடம்பெயர்ந்தவன்' என்று எண்ணிவிடும். கிராம அளவிலான குறியீட்டை எல்லாச் சுற்றுக்கும் ஒன்றாக வைத்து அதில்தான் கணக்கிட வேண்டும்.

அமெரிக்காவின் என்.எல்.எஸ்.ஒய். 79 (1979இல் தொடங்கிய இளையோர் தொடர் ஆய்வு) பெண்களின் பிள்ளைகளைப் பற்றிய குழந்தைகள்–இளையோர் கோப்பைப் பதிவிறக்குகிறவர்களுக்கு: விடைகளில் வரும் -1 (மறுப்பு), -2 (தெரியாது) போன்ற மைனஸ் எண்கள் விடை இல்லை என்பதற்கான குறியீடுகள். இவற்றை நீக்காமல் சராசரி போட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஒரே தாயின் பிள்ளைகள் பலர் இருப்பதால் திட்டப் பிழையை (standard error) தாய் வாரியாகத் தொகுத்துக் கணக்கிடவும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சித் தரநிலை 5 வயது வரை, ஒப்பீட்டு அட்டவணை 19 வரை. அதிலும் வயதுக்கேற்ற எடை 10 வயதோடு நின்றுவிடும். 22 வயதுக்காரருக்கு z மதிப்பெண் (அந்த வயதின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற அளவு) தேடாமல் உயரத்தைச் செ.மீ.யிலேயே வையுங்கள். -6க்குக் கீழே போகும் உயர z மதிப்பெண்ணை அழிப்பதற்கு முன் மூலப் படிவத்தைத் திறந்து பாருங்கள். பிறந்த ஆண்டைத் தவறாக எழுதியிருக்கலாம்.

கடைசிச் சுற்றுக்கு வந்தவர், வராதவர் இருவரின் முதல் சுற்று விவரத்தையும் (பிறப்பு எடை, தாயின் படிப்பு, வீட்டு வகை) பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஓர் அட்டவணை இல்லாமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள்.