மறுமொழி: அக்கி ஆறிய பிறகும் நிற்கும் நரம்புவலிக்கு ஒரு தமிழ்ச்சொல்

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

போஸ்ட் ஹெர்பெட்டிக் நியூரால்ஜியா என்ற ஆங்கிலப் பெயருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையை முழுக்க வாசித்துவிட்டே எழுதுகிறேன். எனக்கு இது வெறும் சொல்லாட்டம் இல்லை. சேரன்மகாதேவியில் இருக்கும் என் அத்தைக்குப் போன ஐப்பசியில் அக்கி வந்தது. வலது விலாவிலிருந்து முதுகு வரை ஒரு பட்டையாகக் கொப்புளம். புண் ஆறி மாசக்கணக்கான பிறகும் "அக்கி எறங்கிட்டு, காந்தல் எறங்கல. சேலை பட்டாலே உசுரு போவு" என்கிறாள். மருத்துவச் சீட்டில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதல்முறை கொப்புளத்தின் மேல் காவியால் அக்கி எழுதியது சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் எழுதிக்கொள்ளப் போனாள். அவளுக்கு ஒரு நல்ல சொல் கையில் இருந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

> ‘ஹெர்பிஸ் பிந்தைய நரம்புவலி’ என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் அண்ணாச்சி. ஹெர்பிஸ் என்பது ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயர். பிறப்புறுப்பில் வரும் பால்வினை நோய்க்கும் அதே பெயர்தான். வயதான மனுஷி ஒருத்தி பேரனைக் கைபேசியில் பார்க்கச் சொன்னால் அந்த நோயும் கூடவே வந்து நிற்கும். அவளுக்கு எதற்கு அந்த மனவேதனை? நமக்கு அக்கி என்ற சொல் இருக்கிறது. அக்கியின் மருத்துவப் பெயரான ஹெர்பிஸ் ஜோஸ்டரில் வரும் ஜோஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அரைக்கச்சை என்று பொருள். அது கொப்புளம் படரும் வடிவத்தைச் சொல்கிறது. அக்கி என்றாலோ நெருப்பு. நோயாளி படும் பாட்டை அது சொல்கிறது.

‘பிந்தைய’ என்பதிலும் எனக்கு நிறைவில்லை. காய்ச்சலுக்குப் பிந்தைய அசதி என்றால் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடுவோம். இது அப்படி இல்லை. சின்ன வயதில் சின்னம்மையாக வந்த வைரஸ், தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. வயதாகியோ வேறு நோயாலோ உடம்பின் எதிர்ப்பு குறையும்போது, ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. அதனால்தான் ஒரு பக்கமாக மட்டும், பட்டையாக வருகிறது. தோல் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். நரம்பு பட்ட சேதம் ஆறாமல் தங்கிவிடுகிறது. அந்த நரம்பு, தொடாமலே தொட்டதாகவும், துணி பட்டாலே சுட்டதாகவும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் அது தொடர்ந்தால்தான் இந்தப் பெயர் வைக்கிறார்கள். ஆகவே சொல்லில் வர வேண்டியது ‘பிறகு’ அல்ல, ‘மிச்சம்’.

அதனால் நான் முன்வைப்பது: அக்கியெச்சம். பாடநூலுக்கு முழுப்பெயராக அக்கியெச்ச நரம்புவலி.

இதற்குப் பழைய முன்மாதிரியும் உண்டு. வினையையும் பகையையும் குறையாக விட்டால் அது ‘தீயெச்சம் போலத் தெறும்’ என்கிறது 674ஆம் குறள். அணைத்துவிட்டோம் என்று விட்ட தீயின் மிச்சம் பிறகு சுடும். அக்கியும் தீ என்பதால், தீயெச்சத்துக்கு ஒட்டினாற்போலவே அக்கியெச்சம் வந்து உட்காருகிறது. இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

> எச்சம் என்றால் காக்கை எச்சம்தானே முதலில் நினைவுக்கு வரும்?

பாளையங்கோட்டை அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நம் பக்கத்துப் பேச்சில் அதைக் ‘காக்கா பீ’ என்றுதான் சொல்லுதாவ, எச்சம் எழுத்துவழக்கு. பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்துக்காரர்களுக்கோ பறவை எச்சம் வயலுக்கு உரம், அருவருப்பு இல்லை. போதாததற்குப் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் பெயரெச்சமும் வினையெச்சமும் தெரியும். முடியாமல் நிற்கும் சொல் எச்சம் என்றால், முடியாமல் நிற்கும் நோவும் எச்சமாகலாம்.

அக்கா சொன்ன ‘அக்கிக்காந்தல்’ காதுக்கு இதைவிட இனிமை, ஒப்புக்கொள்கிறேன். அத்தையின் வாயில் வந்ததும் அந்தச் சொல்தான். ஆனாலும் இரண்டு தடைகள். இந்த நோய் காந்தலாக மட்டும் வருவதில்லை; சிலருக்குச் சுருக்சுருக்கென்ற குத்தல், சிலருக்குத் தீராத அரிப்பு, சிலருக்கு மரத்துப்போதல். எச்சம் எல்லாவற்றையும் தாங்கும். இன்னொன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சேதமானவர்களின் எரிவலிக்கு வியர் மிட்செல் என்ற மருத்துவர் காசால்ஜியா என்று பெயர் வைத்தார். வெப்பமும் வலியும் சேர்ந்த கிரேக்கச் சொல் அது. காந்தல்வலி என்பதை அதற்கென்று வைத்திருப்போம். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே திண்டாடுவோம்.

சொல் சரியாக அமைந்தால் மருத்துவமும் பிடிபடும். அக்கி என்பது கொப்புளம் கண்ட நேரம். அப்போது 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் மருத்துவரையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். அத்தைக்கு அந்த மூன்று நாளும் காவியிலேயே கழிந்தது. காவி குளிர்ச்சியாக இருக்கும், எழுதுகிற வேளாரின் கைராசியில் மனசும் ஆறும். நான் அதைக் குறை சொல்லவில்லை. மாத்திரையையும் சேர்த்து விழுங்கியிருக்கலாம் என்றுதான் ஆதங்கம்.

அக்கியெச்சம் வந்துவிட்டால் கதை வேறு. வைரஸ் மாத்திரை அதற்கு உதவாது, சாதாரண வலி மாத்திரையும் பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரீகாபலின் என்று நரம்பின் கூச்சலை அடக்கும் மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தோலில் ஒட்டும் லிடோகெயின் பட்டை உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினையும் பட்டையாகச் செய்திருக்கிறார்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். நம் நாட்டிலும் கிடைக்கிறது, விலைதான் கூடுதல். அக்கி வேறு, அக்கியெச்சம் வேறு என்று இரண்டு பெயர் இருந்தால் இரண்டு மருத்துவம் என்பதும் விளங்கும்.

நேற்று அத்தையிடமே சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீறு பூத்த கங்கு மாதிரியா?" என்றாள். இல்லை அத்தை, தீ பட்ட எடத்துல நிக்கிற வலி, என்றேன். பிறகுதான் உறைத்தது: அவள் சொன்ன கங்கு, நரம்பு முடிச்சில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கிற அந்த வைரஸ். அந்த நிலைக்கு ‘உள்ளுறை தொற்று’ என்று எழுதி வருகிறோம். கங்குநிலைத் தொற்று என்றால் எப்படி இருக்கும்? தனி இழை தொடங்கலாமா அண்ணாச்சி?