ஃப்ளோசார்ட், மைண்ட் மேப்: திரையிலா, தாளிலா?

சாய்சதுரம்:
ஒன்பதாம் வகுப்புக்குக் கணினி எடுக்கிறேன். இனி ஃப்ளோசார்ட் (ஒரு வேலையின் படிகளைப் பெட்டி, அம்புகளால் காட்டும் படம்) எல்லாம் டிரா.ஐஓ என்ற வரைபடச் செயலியில்தான். கணக்குத் தொடங்க வேண்டாம், காசும் கிடையாது. போன வாரம் மீப்பெரு பொது வகுத்தி காணும் படம் போடச் சொன்னேன். ஒரு பையன் 'மீதி பூச்சியமா?' என்ற சாய்சதுரத்திலிருந்து 'ஆம்' அம்பு மட்டும் விட்டிருந்தான். "48, 18 போட்டு ஓட்டிப் பாருடா" என்றேன். 48ஐ 18ஆல் வகுத்து மீதி 12 வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது, போக வழியில்லை. பெட்டிகளைத் தள்ளிவைத்து 'இல்லை' அம்பை மேலே திருப்பிவிட்டான். பெட்டியை நகர்த்தினால் அம்பும் கூடவே வருகிறதே! தாளாக இருந்தால் அழித்து அழித்து ஓட்டை விழுந்திருக்கும். அல்லது, எதற்கு வம்பு என்று அப்படியே விட்டிருப்பான்.

சாக்பீஸ் டீச்சர்:
சார், தப்பைக் காட்டிக்கொடுத்தது விரல். திரை இல்லை. என் அறிவியல் வகுப்பில் வேறொரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். 40 நிமிடப் பாடவேளையில் கடவுச்சொல் மறந்தவர்களைக் கரையேற்றவே பாதி போச்சு. மீதி நேரம் முழுக்க நிறம் தேடினார்கள். ஒளிச்சேர்க்கைக்கு ஏழு நிறத்தில், கிளைக்கொரு பொம்மையோடு ஒரு மைண்ட் மேப் (நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள்) வந்தது. சூரிய ஒளிக்கும் பச்சையத்துக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டால், "கோடு போட்டிருக்கேனே மிஸ்" என்கிறாள்.

சாய்சதுரம்:
சிரித்துவிட்டேன் டீச்சர். ஆனால் அது கருவியின் குற்றமில்லை. டோனி பூசான் 1974இல் பிபிசி தொடர் வழியாகப் பரப்பிய மைண்ட் மேப்பில், கோடு என்ன உறவு என்று சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. ஜோசப் நோவாக் குழு 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருத்து வரைபடம் வேறு. அதில் கோட்டின் மேல் சொல் இருக்கணும்: பச்சையம் – உறிஞ்சுகிறது – ஒளி. டிரா.ஐஓவில் கோட்டை இருமுறை சொடுக்கினால் எழுத இடம் வரும். சொல் இல்லாத கோட்டுக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

ஓரப்பார்வை:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2011இல் 'சயன்ஸ்' இதழில் கார்ப்பிக், பிளண்ட் என்ற ஆய்வாளர்கள் எழுதியது: பாடத்தைப் பார்த்துக் கருத்து வரைபடம் போட்டவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள். கடைசித் தேர்வே வரைபடம் போடுவதாக இருந்தபோதும் அப்படித்தான்.

சாக்பீஸ் டீச்சர்:
அப்படிப் போடுங்க! இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓரப்பார்வை:
அவசரப்படாதீங்க டீச்சர். அதே இருவர் 2014இல், பாடத்தை மூடிவைத்து வரைபடமே போடச் சொன்னார்கள். பத்தியாக எழுதியவர்களுக்குச் சமமாக வந்தது. ஆக, சிக்கல் படத்தில் இல்லை. புத்தகம் திறந்திருக்கிறதா என்பதில்தான்.

சாய்சதுரம்:
திரையில் அது இன்னும் மோசம், ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துத் தாவலிலேயே பாடம் இருக்கும். வெட்டி ஒட்டுவார்கள்.

சாக்பீஸ் டீச்சர்:
சரி, இறங்கி வருகிறேன். புத்தகத்தை மூடி, 10 நிமிடம் தாளில் கிறுக்கட்டும். திருத்த மட்டும் திரைக்குப் போகலாம். ஆனால் அந்த நிறப் பெட்டியை மறைக்க ஏதாவது வழி உண்டா சார்?

சாய்சதுரம்:
மறைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளையில்தான் அச்செடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.